ஏழு மில்லிமீட்டர்

காலை ஆறு மணிக்கு
மணிமுத்தாறு அணையில் அளவுக்கம்பம் பார்த்து
எழுபத்தெட்டு புள்ளி நாலு என்று நோட்டில் எழுதி
அம்பாசமுத்திரம் ஆபீசுக்குப் போன் போடுவேன்.
மறுநாள் பேப்பரில் அந்த எண் வரும்.
முப்பிடாதி என்ற பெயர் வராது.

சித்திரையில் என் கழுத்தை அளந்தார்கள்.
வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டர்.
தொண்டையில் தடவிய பசை நுங்கு மாதிரிச் சில்லிட்டது.
வலப்பக்கம், ஏழு மில்லிமீட்டர்.
ஊசியில் உறிஞ்சியது ஒரு சொட்டுகூட இல்லை,
கண்ணாடிச் சில்லில் தேய்த்துக் கொண்டுபோனார்கள்.

ஆறாம் நாள் புற்று என்றார்கள்.
எனக்கு முதலில் ஞாபகம் வந்தது
கல்லிடைக்குறிச்சி வாய்க்கால்கரைப் புற்றுதான்.
முட்டை வைப்போம், பால் ஊற்றுவோம்.
உள்ளே இருக்கிறதா என்று
யாரும் கையை விட்டுப் பார்த்ததில்லை.

டாக்டர் ஹெப்சிபா சொன்னாள்:
முன்னெல்லாம் கண்டவுடனே எடுத்துவிடுவோம்.
இவ்வளவு சின்னது பலருக்கு
வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்று
இப்போது பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.
ஆறு மாதத்துக்கு ஒருதரம் வா.
மூன்று மில்லி கூடினால், பக்கத்தில் நெறி கட்டினால்
அன்றைக்குக் கத்தியைப் பற்றிப் பேசுவோம்.

இப்பவே எடுத்தால்?
குரல் நரம்பு ஓடும் வழியைத்
தன் கழுத்திலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.
முழுசும் எடுத்தால் தினமும் வெறுவயிற்றில் ஒரு மாத்திரை.
எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

மதினி வந்து சத்தம் போட்டாள்:
ஏளா, பாம்ப மடியில கட்டிக்கிட்டு உறங்குவியா?
சுடலைக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
நான் சோறு விழுங்கும்போதெல்லாம்
தொண்டையையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.
இலைக்கு இந்தப்பக்கம் பார்த்துச் சாப்பிடும் என்றேன்.

அடைமழையில் ஒரு ராத்திரி
அரைமணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்.
கம்பத்தில் ஏறியது அரை அடி.
என் வயிற்றில் மூன்று அடி.
மதகைத் திறக்க விடியும்வரை உத்தரவு வரவில்லை,
விடிந்தும் வரவில்லை.

ஐப்பசியில் மறுபடி போனேன்.
அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி சொன்னாள்: ஏழு.
ஏழு புள்ளி எவ்வளவு?
என்னக்கா?
புள்ளிக்குப் பிறகு என்ன வருதுன்னு பாரும்மா.
சிரித்துவிட்டு மறுபடி பசை தடவினாள்.
ஏழு புள்ளி ஒன்று.

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்.
வெளியேற்றம்: இல்லை.
வரத்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
யாருக்கும் போன் போடவில்லை.