ஆறாவது விரல்

இரவு ஷிப்ட்டு முடிந்து
ஏழே முக்காலுக்கு பஸ் இறக்கிவிடும்.
பாயா தெருபோங்கில் அந்நேரம்
மலை இன்னும் முகம் கழுவியிருக்காது.
பதினான்காம் மாடி.
லிஃப்ட் ஓடினால் நேரே தூக்கம்.
அன்றைக்கு ஓடவில்லை.

பத்தாம் மாடித் திருப்பத்தில்,
காட்டின் விளிம்பு அங்சானாவில்
கண் மட்டத்துக்கு உட்கார்ந்திருந்தது.
கழுகு என்றேன்.
மூச்சு வாங்கியபின், இல்லை என்றேன்.

எட்டு மணி நேரம் நுண்ணோக்கிக்குள்
சில்லு பார்க்கிற வேலை எனக்கு.
கீறல், குமிழ், விளிம்புச் சிதைவு.
பத்தொன்பது வருடத்தில்
சும்மா பார்ப்பது எப்படி என்பது
கண்ணுக்கு மறந்துவிட்டது.

மார்பில் பட்டைகள், மலைக்கழுகின் பட்டைகள்தான்.
நிமிர்வும் அதனுடையதே.
தலைதான் பொருந்தவில்லை:
அத்தனை பெரிய உடம்பில்
புறாவின் தலையை
ஷிப்ட்டு முடிகிற அவசரத்தில்
யாரோ மாட்டிவிட்டுப் போன மாதிரி.

மூன்றாம் லைன் ரோஸித்தா
மகனின் பறவைப் புத்தகத்தைக் கொடுத்தாள்.
சாப்பாட்டு இடைவேளையில் புரட்டினேன்.
தேன் பருந்து.
வலியவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு
வலியவர்களுக்கு நடுவே பிழைக்கிறது
என்று ஊகிக்கிறார்களாம்.
கண் மஞ்சளென்றால் பெட்டை, காப்பி நிறமென்றால் சேவல்.
விரித்த சிறகின் நுனியில் விரல்களை எண்ணு:
ஆறு இருக்க வேண்டும்.

எண்ணினேன். ஐந்து.

ஐந்து விரல் என்றால் அது ஐரோப்பாவின் இனம்.
இங்கே அதற்கு என்ன வேலை?
இரண்டு நாள் அதோடு கிடந்தேன்.
மூன்றாம் நாள் அது வட்டமடித்துத் திரும்பியபோது
வலது சிறகு தெரிந்தது.
அதில் ஆறு.
இடதில் ஓர் இறகு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
என் மேசைக்கு வந்திருந்தால்
சிவப்புப் பெட்டிக்குப் போயிருக்கும்.

சி பிளாக் தண்ணீர்த் தொட்டியின் அடியில்
மலைத்தேனீக் கூடு, பாதி மேசை அகலம்.
நிர்வாகக் குழுவின் ஊய்
மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டினார்.
வியாழன் இரவு பொம்பா வந்தது.
நான் சில்லுகளோடு இருந்தேன்.

காலையில் படியெங்கும் கருகிய தேனீக்கள்.
மெழுகு எரிந்த வாடை.
கார் நிறுத்தும் கொட்டகையின் தகரத்தில்
பாய்போல் விழுந்து கிடந்த அடையருகே
அது நடந்துகொண்டிருந்தது.
பருந்து நடக்கும் என்று எனக்குத் தெரியாது.
கோழிபோல், ஒவ்வோர் அடியாக, யோசித்து.

தேன் தகரத்தில் வழிந்தது. அதைத் தொடவில்லை.
அறை அறையாய்ப் பிரித்து
வெள்ளைப் புழுக்களை மட்டும் எடுத்தது.
சாகாத தேனீக்கள் முகத்தில் மொய்த்தன.
கண்ணைச் சுற்றி
மீன் செதில்போல் அடுக்கிய சிற்றிறகுகள்.
கொட்டட்டும் என்று நின்றது.

பெயர் தேனைச் சொல்கிறது.
தோற்றம் கழுகைச் சொல்கிறது.
பசி இரண்டையும் கேட்கவில்லை.

ஊய் என் பக்கத்தில் வந்து நின்றார்.
"கோழி பிடிக்குமா?" என்றார்.
பிடிக்காது என்றேன்.
என்னவோ எனக்குச் சொந்தக்காரர்போல.

மார்ச்சில் அங்சானா காலியானது.
வடக்கே சைபீரியாவோ, ஜப்பானோ.
நாள்காட்டியில் எதையும் குறிக்கவில்லை.
குறிக்காமல் இருக்கிறோம் என்பது
தினமும் ஞாபகம் இருந்தது.

அக்டோபரில் ஒன்று வந்திருக்கிறது.
அதே கிளை. காப்பி நிறக் கண்.
இடது சிறகில் ஆறு. வலதில் ஆறு.
விழுந்தது முளைத்திருக்கும்.
அல்லது இது வேறு.

குறையை வைத்துத்தான்
அதை அறிந்திருந்தேன்.
குறை தீர்ந்ததும்
யாரென்று கேட்க எனக்கு வழியில்லை.

லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டார்கள்.
இன்றைக்கும் பத்தாம் மாடியில் நின்று
மறுபடி எண்ணினேன்,
ஐந்து வராதா என்று.