மிகை: அறுபத்தொரு கிராம்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து
கணக்கெடுக்க வந்த நிஸ்தார் சேர்
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"குறைந்தால் குறைவு என்று எழுதலாம்.
கூடினால் என்ன எழுத?"

மகனீசியம் நைத்திரேற்று.
பதிவேட்டில் ஐந்நூறு கிராம்.
தராசில் ஐந்நூற்று அறுபத்தொன்று.
போத்தல் மூடி வெடித்து மூன்று வருஷம்;
புது மூடி கேட்டு நான் எழுதிய கடிதம்
அவர் கையிலிருந்த அதே கோப்பில்தான் கிடந்தது.

இந்த அலுமாரிச் சாவி
இருபத்திரண்டு வருஷமாக என்னிடம்.
உரத்துக்கும் வெடிமருந்துக்கும்
வித்தியாசம் கேட்காத சாவடிகள் இருந்த நாளில்
நைத்திரேற்று என்ற சொல்லையே
மெதுவாகத்தான் உச்சரித்தோம்.
ஒரு கிராம் குறையவும் பயம்,
கூடவும் பயம்.

"காற்றைக் குடித்திருக்கு, சேர்."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் யன்னலைப் பார்த்தேன்.
திறந்தால் கடல். பூட்டினாலும் கடல்.

ஒவ்வொரு மகனீசிய அயனையும் சுற்றி
ஆறு நீர் மூலக்கூறுகள்
ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.
அதற்குப் போதாது.
கச்சான் அடிக்கும் மத்தியானங்களில்
ஓரம் கொஞ்சம் இறுகும்.
வாடை தொடங்கிவிட்டால்
யாரும் ஊற்றாத தண்ணீரில்
தானே கரைந்து கிடக்கும்.

நம்பவில்லை.
ஒரு நுள்ளு எடுத்துச் சோதனைக்குழாயில் போட்டேன்.
புகைக்கூண்டின் விசிறி ஓடாது,
ஆகவே பின் விறாந்தை, காற்றுக்கு முதுகு காட்டி.

முதலில் உருகியது.
உருகியது என்பதும் சரியில்லை:
தன் நீருக்குள்ளேயே தான் இறங்கியது.
குழாயின் கழுத்தில் வியர்வை.
நீராவி போய்த் தீர வெகுநேரம்.
பிறகுதான் அந்தக் கபிலப் புகை,
கடுஞ்சாயத் தேநீரின் நிறம், மூக்கைக் குத்தும் நெடி.
"தள்ளி நில்லுங்கோ."
தணல் மினுங்கும் ஈர்க்கை உள்ளே நீட்டினேன்,
பக்கென்று பற்றியது.

அடியில் வெள்ளைப் பொடி.
மகனீசியம் ஒட்சைட்டு.
நெஞ்செரிவுக்குக் குடிக்கிற பால்மருந்துக்கு
ஒன்றுவிட்ட சகோதரம்.
சுவாலையை எவ்வளவு கூட்டினாலும்
இனி இது அசையாது.
இத்தனை தாகமும் புகையும்
இவ்வளவு சாதுவான ஒன்றுக்குள்தானா
இருந்தன என்று
எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அவர் இருமினார். பேனாவைத் திறந்தார்.
காரணம் என்ற சிறிய கட்டத்துக்கு மேல்
கை நெடுநேரம் நின்றது.
பிறகு எழுதினார்:
திருகோணமலை.

கையொப்பம் வைத்தேன்.
எரித்த அந்த நுள்ளை
இரண்டு பேருமே எழுதவில்லை.