சேவலின் ஐந்தாவது விரல்

குடியாத்தத்திலிருந்து நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார்
ஏகாம்பரம்.
சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடி என் அலுவலகம்.
மே மாதம். மின்விசிறி வெயிலைத்தான்
சுற்றிச் சுற்றி விநியோகித்தது.

மேசைமேல் இரண்டு தீப்பெட்டிகளை வைத்தார்.
ஒன்று பழசு, சிவப்பு வெளுத்தது.
மற்றது போன மாதம் கடைக்கு வந்தது.
இரண்டிலும் ஒரே சேவல்
கழுத்தைப் பின்னுக்கு இழுத்து
கூவப்போகும் நொடியில்.

"கால எண்ணுங்க மேடம்."

எண்ணினேன்.
முன்னால் நான்கு, பின்னால் ஒன்று.

"கோழிக்கு முன்னால மூணுதான்.
எண்பத்தொம்பதுல, ராத்திரி, கரண்ட் போயிடுச்சு.
மெழுகுவத்தி வெளிச்சத்துல கை ஒண்ணு கூட்டிப் போட்டுடுச்சு.
விடியறதுக்குள்ள பிளாக் எடுக்கத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.
இந்தத் தப்பு என்னுது மேடம்.
இத எப்படி ஒரு மெஷின் வரையும்?"

நோட்டீஸ் அனுப்பினேன்.
பதில் வந்தது, மூன்றே வரி.
படம் செயலி வரைந்தது.
செயலி கோடிக்கணக்கான படங்களில் பயிற்சி பெற்றது.
எவரையும் நகலெடுக்கவில்லை.

"பயிற்சியா?" என்றார்.
"எங்கிட்ட பயிற்சிக்கு வந்த பசங்க
பிரஷ் கழுவுனானுங்க, டீ வாங்கியாந்தானுங்க,
ஒருத்தன் மஞ்ச பெயின்ட்டோட ஓடியே போனான்.
இது எப்ப வந்துச்சு?"

எதிர்த்தரப்பு கேட்கப்போவதை
நானே முதலில் கேட்டுவிட்டேன்:
நீங்கள் எதைப் பார்த்து வரைந்தீர்கள்?

தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்கவில்லை.
"சிவகாசி லேபிள் ஒண்ணு.
மொதலாளிதான் குடுத்தாரு.
இதே மாதிரி வேணும், ஆனா கேஸ் வரக்கூடாதுன்னாரு.
அதான் வாலை மட்டும் மயிலாட்டம் இழுத்து விட்டேன்."

கூலி?
"எழுபத்தஞ்சு."

காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கே படம்
என்றுதான் சட்டம் சாய்கிறது.
காசு கொடுத்தவர் செத்துப் பதினோரு வருடம்.
கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்.
ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன்.
"எந்தச் சேவல்?" என்றார்.

புதிய கொள்கையின் வரைவு அலமாரியில் கிடக்கிறது,
நூற்று நாற்பது பக்கம்.
உரிமம், ராயல்டி, நியாயமான பயன்பாடு
எல்லாவற்றுக்கும் எண்ணிட்ட பத்திகள்.
கண்டது கேட்டது சுட்டது எல்லாம் கழித்தபின்
ஒரு மனிதனிடம் மிஞ்சும் அந்த ஒற்றை விரலை
எந்தப் பத்தியில் சேர்ப்பது?
பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அது கொக்கு மாதிரி நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
மனுவை முழுக்க நான் எழுதவில்லை.
இரவு பத்தரைக்கு, கண் எரிய,
நானும் ஒரு செயலியிடம்தான் கேட்டேன்.
பக்க எண், வருடம், நீதிபதி பெயரோடு
அழகான முன்தீர்ப்பு ஒன்று தந்தது.
தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லை.
யார் வீட்டில் கரண்ட் போனதால் முளைத்த விரலோ!
அழித்துவிட்டு
இரண்டு மணிவரை கையால் எழுதினேன்.

ஏகாம்பரத்துக்கு இதைச் சொல்லவில்லை.
"ஜெயிப்போமா?" என்று கேட்டார்.
"வாய்தா வாங்கலாம்" என்றேன்.
பழைய பெட்டியை எடுத்து, திரும்ப வைத்து,
"சாட்சிதானே, இங்கயே இருக்கட்டும்" என்று
படியிறங்கிப் போனார்.
பெட்டிக்குள் மூன்று குச்சிகள் இருந்தன.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில்
ஆற்காடு ரோடு கறிக்கடைக் கூண்டுமுன் நின்றேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
அடுத்ததற்கும் மூன்று.
மூலையில் ஒன்று காலை மடித்து உட்கார்ந்திருந்தது,
எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எத்தனை கிலோ மேடம்?" என்றார் கடைக்காரர்.