இருபத்தொன்றாம் பக்கம்

துலூத் நகரில் புதன்கிழமை
புது இதழ்கள் வரும் நாள்.
மைனஸ் இருபத்து நான்கு.
ஏரிக்காற்றுக்கு எதிரே தோள் கொடுத்துத்தான்
ரூடி ப்ரிபிலின் கடைக்கதவைத் திறக்க முடிந்தது.

உள்ளே போவதற்குள் சொல்லிவிட்டார்கள்:
கெல்டூர் செத்துவிட்டான்.

புயலின் கடவுள். நங்கூரம் சுமப்பவன்.
இருபத்தாறு வருடமாய், மாதம் ஒருமுறை தவறாமல்
உலகைக் காப்பாற்றியவன்
முந்நூற்றுப் பன்னிரண்டாம் இதழில்
ஐந்து டாலருக்கு ஒரு காசு குறைவாக.

"சாகவில்லை" என்றான் வென்டல் ஆஹோ.
பனி வழிக்கும் லாரிக்காரன்.
இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாதென்று
உறுமவிட்டே வந்திருந்தான்.
"இதோடு மூன்றாவது சாவு.
முதலில் எரிமலை. அப்புறம் கல்யாணத்தன்று விஷம்.
சங்கிலியைப் பார்.
கட்டத்துக்கு வெளியே போகிறது, அறுபடவில்லை.
மறுமுனையை யாரோ பிடித்திருக்கிறார்கள்.
ஏப்ரலில் எழுந்து வருவான்."

ரூடிக்கு யானைக் கணக்கு:
இருந்தாலும் ஆயிரம், இறந்தாலும் ஆயிரம்.
கறுப்பு அட்டைப் பிரதிகள் காலையிலேயே தீர்ந்தன.
உயிர்த்தெழப்போகும் இதழுக்கு
இப்போதே முன்பணம் வாங்கி
கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தான்.

நான் பாதத்தைக் காட்டினேன்.
கெல்டூரின் கால் ஒருநாளும் மண்ணில் பட்டதில்லை.
ஒரு விரற்கடை இடைவெளி,
அதற்குக் கீழே தனியாய் ஒரு நிழல்.
மூன்று ஓவியர்கள் மாறியும் மாறாத வழக்கம்.
வியர்வை வரைந்ததில்லை. இமை வரைந்ததில்லை.
கடைசிப் பக்கத்தில்
குதிகால் சேற்றில் அழுந்திக் கிடக்கிறது.
நிழல் வந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

"அவசரத்தில் வரைந்திருப்பான்" என்றான் வென்டல்.
"சம்பளம் அப்படி."

கோரீன் ஸ்டாங்லண்ட் அதுவரை பேசவில்லை.
இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ்,
மகனுக்கென்று வாங்கித் தானே படிப்பவள்.
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.

"காலை விடுங்கள்.
இருபத்தொன்றில் கண் திறந்திருக்கிறது.
இருபத்திரண்டில் மூடியிருக்கிறது.
செத்த கண் தானாக மூடாது.
நாலு மணி வாக்கில் எத்தனையோ பேருக்கு
நான் மூடியிருக்கிறேன்.
விரல் வைத்துக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும்,
சீக்கிரம் எடுத்தால் திறந்துகொள்ளும்.
இவனுக்கு யார் பிடித்தது?"

தேடினோம்.
எதிரி ஓடிவிட்டான்.
தங்கை கடலடிச் சிறையில், போன நவம்பரிலிருந்து.
வயல் முழுக்கச் சாம்பல்,
தூரத்து வேலியில் இரண்டு கடற்காகம்.
வென்டல்கூடக் குனிந்து, மூக்கு படுமளவு பார்த்தான்.
ஆளில்லை.

கோரீன் கட்டைவிரலால் தாளைப் புரட்டினாள்.
மூடிய கண்.
திருப்பினாள். திறந்த கண்.
மறுபடி.
இரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கம்.
நடுவே ஒரு காகிதத்தின் கனம்தான்.
அங்கே ஒரு கை நுழைய இடமில்லை,
புரட்டுகிற கையைத் தவிர.

சட்டென்று தன் விரலைப் பார்த்தாள்.
மை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.
ஒன்றும் சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு
பார்க்கிங் நேரம் முடிந்ததென்று போய்விட்டாள்.

"அப்போ செத்துட்டானா?" என்றான் ரூடி,
ரசீதுப் புத்தகத்தை மூடாமலே.
வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.
வென்டல் பதில் சொல்லாமல்
கண்ணைக் கசக்கினான். குளிராக இருக்கலாம்.

என் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
சமையல் மேசையில் விரித்து
மேலே உப்பு ஜாடியை வைத்திருக்கிறேன்.
ஹீட்டர் ஓடும்போதெல்லாம்
தாளின் ஓரம் எழும்புகிறது, அமர்கிறது.
இரண்டு மணிக்கு வென்டலின் லாரி
தெருவை வழித்துக்கொண்டு போனது.
மஞ்சள் விளக்கு கூரையில் ஒரு சுற்றுச் சுற்றி
இருபத்தொன்றாம் பக்கத்தில் விழுந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஜாடியை இன்னும் கொஞ்சம்
ஓரத்துக்கு நகர்த்தினேன்.