நடுக்கோடு

கிரேன் தூக்கியபோதே தெரிந்துவிட்டது.
நாற்பத்தெட்டு வருஷத்து ஃபைபர் உடம்பு,
தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே முழுக்க
அம்மை வார்த்தது போல.
டுவார்னனே துறைமுகத்தில் இந்த வியாதிக்கு
என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

படகின் பெயருக்குப் பிடிவாதக்காரி என்று அர்த்தம்.
சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.
போன வசந்தத்தில் கோர்ட் பிரித்துவிட்டது:
வீடு அவளுக்கு, காரும் நாயும் அவருக்கு,
படகை எங்கே அறுப்பது என்று தெரியாமல்
பாதிப் பாதி என்று எழுதிவிட்டார் நீதிபதி.

அதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.
இடப்பக்கம் ஸ்வாசிக்.
வலப்பக்கம் கூல்வென்.
தனித்தனி பில், தனித்தனிக் கிழமை.
செவ்வாய்தோறும் அவள் வந்து கேட்பாள்,
"எந்தப் பக்கம் மோசம்?"
வெள்ளிதோறும் அவர் வந்து கேட்பார்
அதே கேள்வியை,
அவளைப் போலவே ஏணியில் சாய்ந்துகொண்டு.

சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினேன்.
இடம் இருநூற்றுப் பதினேழு.
வலம் இருநூற்று நான்கு.
பட்டாணி அளவில், காசு அளவில்,
சுக்கானுக்குப் பக்கத்தில் ஒன்று என் உள்ளங்கையை விடப் பெரிது.
குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், பீச்சியடிக்கும்.
பழுப்பாக ஒரு துளி.
விரலில் பிசுபிசுப்பு. காடி வாசனை.
உள்ளே போனது வெறும் தண்ணீர்தான்.
அந்தக் காலத்து ரெசினில் சரியாக இறுகாமல் நின்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு
திரும்பி வர வழி தெரியாமல்
அங்கேயே ஊதுகிறது.

இதைச் சொன்னால் எல்லோரும்
தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.
நான் ரெசினைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஏராவை ஒட்டி, முன்னிருந்து பின்வரை,
நான் எண்ணாமல் விட்ட ஒரு முழ அகலம் இருந்தது.
அங்கே வட்டம் போட இடமில்லை.
எல்லாம் ஒரே கொப்புளம்.
அந்தப் பட்டை வெளியிலிருந்து மட்டும் ஊறவில்லை.
வருஷக்கணக்காக உள்ளே, அடித்தளத்தில், தேங்கிய தண்ணீரை
யாரும் இறைக்கவில்லை.
அவர் இறைப்பார் என்று அவள்,
அவள் இறைப்பாள் என்று அவர்.
இதை நான் ஊகிக்கவில்லை,
இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னது.

ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன், இருவரையும்,
மற்றவர் வருவதைச் சொல்லாமல்.
மழை. டார்ப்பாலினுக்குக் கீழே குனிந்து
மூன்று பேரும் நின்றோம்.
"நடுவில் இருப்பது யாருடையது?" என்றேன்.
கூல்வென் அவள் பக்கம் கை காட்டினார்.
ஸ்வாசிக் காறித் துப்பாத குறை.
நான் உளியை எடுத்து ஒன்றைக் குத்தினேன்.

நெடி ஏறியது.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"சிப்பிக்கு நீ போடும் சாஸ்," என்றார் அவர்.
"சின்ன வெங்காயம் போதாது அதில்," என்றாள் அவள்.
"எப்போதுமே போதாது."
சிரித்தார்களா என்று கேட்காதீர்கள்,
மழைச் சத்தம்.
இருவரும் வெவ்வேறு வாசல் வழியாகத்தான் போனார்கள்.

சுரண்டி முடித்தேன். வெறும் கண்ணாடி இழை
மீன் தோல் உரித்த மாதிரி தெரிகிறது.
வாரம் இரண்டு முறை வெந்நீர் அடிக்கிறேன்,
உப்பில்லாத வெந்நீர், இல்லையேல் காயாது.
மீட்டர் முள் இருபத்தெட்டில் நின்றது.
கிறிஸ்துமஸில் இருபத்துநான்கு.
நேற்று இருபத்துநான்கு.
பத்துக்குக் கீழே இறங்கும்வரை எபாக்சி டப்பாவைத் திறக்கமாட்டேன்,
யார் போன் பண்ணினாலும் சரி.
இந்த ஊர் ஜனவரியில் துண்டே காயாது.

பில் அனுப்பினேன். இடம் தனி, வலம் தனி,
நடுக்கோடு என்று மூன்றாவது வரி, இரண்டிலும்,
தொகை போடாமல் ஒரு கேள்விக்குறி.
செவ்வாயன்று கேட்டாள், எவ்வளவு என்று. சொன்னேன்.
வெள்ளியன்று கேட்டார். சொன்னேன்.
இரண்டு பேருமே
முழுத்தொகையை அனுப்பிவிட்டார்கள்.

திருப்பித் தரவேண்டும், தெரியும்.
யாருக்கு என்றுதான் புரியவில்லை.
அதுவரை அந்தப் பணத்தில்
ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி
பிடிவாதக்காரியின் வயிற்றுக்குள் ஓடவிட்டிருக்கிறேன்.
தினம் காலையில்
முக்கால் வாளி.