எட்டரை மணிக்கு அளந்தது

மழைமானி இருப்பது தாலுகா ஆபீசுக்குப் பின்னால்,
ஓடாத ஜீப்பைத் தாண்டி, கம்பி வேலிக்குள்.
வேலிக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம்.
குரங்குகள் சாவி கேட்பதில்லை.

எட்டரை மணிக்குப் புனலைத் தூக்கி
சீசாவை எடுத்து
கண்ணாடி அளவியில் ஊற்றுவேன்.
தண்ணீர் ஓரத்தில் ஏறி நிற்கும்,
நடுவில் குழிந்த இடத்தைத்தான் படிக்க வேண்டும்.
அதற்குக் குனிய வேண்டும்.
பதினொரு வருடமாகக் குனிகிறேன்,
பெய்யாத நாளுக்கும்.

பெய்யாத நாளுக்கு எழுதுவது 0.0.
ஜனவரி பாதியிலிருந்து
பதிவேட்டில் கோழி முட்டையாக அடுக்கியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறும்போது
காலை ஆறரைக்கே கழுத்து கசகசக்கும்.
வெள்ளைக்கல் மேடுகள் அப்போதே கண்ணைக் கூசும்.
பதினொன்றாவது கொண்டை ஊசியில்
யாராவது ஜன்னலைச் சாத்துவார்கள்.
கைப்பையில் ஸ்வெட்டர்,
அதற்கடியில் வேர்க்குரு பவுடர்.

மார்ச் வந்தால் என் போன் ஓயாது.

நாகலூர் வெள்ளச்சிக்கு
ஒன்றேகால் ஏக்கர் காப்பி.
"மொட்டெல்லாம் ஈட்டி மாதிரி நிக்குதுங்க.
எறங்குமா?"
ஒரு இஞ்ச் வேண்டும் அவருக்கு, ஒரே இரவில்.
அதற்குப் பெயர் பூ மழை.
அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால்
மொட்டு பாதி விழித்து, அப்படியே கருகும்.
பெய்யாததைவிட அது மோசம்.

அயோத்தியாப்பட்டணத்தில் செங்கோட்டுவேலுக்கு
சேகோ ஆலை.
சிமெண்டுக் களத்தில் மூன்று லோடு ஜவ்வரிசி
ஈரம் போகக் கிடக்கிறது.
"மேல கருக்குதாங்க மேடம்?"
"கருக்குது."
"நம்ம பக்கம் விட்ற வேணாம்னு சொல்லி வைங்க"
என்று சிரிப்பார்.
சிரித்து முடித்தும் போனை வைக்கமாட்டார்.

நான் அளக்கிறவள்.
இதை இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு பேரும் சரிங்க என்றார்கள்.

வியாழன் சாயங்காலம்
இறங்குகிற பஸ் ஒன்பதாவது வளைவில் நின்றது,
எதிரே சில்வர் ஓக் ஏற்றிய லாரி திரும்ப முடியாமல்.
கீழே ஊர் முழுக்க மஞ்சள் வெயில்.
கிழக்கே மட்டும்
சாம்பல் நிறத்தில் ஒரு தூண்,
மெதுவாக, கால் பதித்து நடந்தது.
நான் அந்தக் களத்தைப் பார்த்ததே இல்லை.
ஆனாலும் எண்ணைத் தட்டினேன்.
"தார்ப்பாய் போடுங்க."
"யாருங்க?"
"போடுங்க முதல்ல."

இப்படிச் சொல்வது என் வேலையில் இல்லை.

ராத்திரி வீட்டு மாடியில் படுத்திருந்தேன்.
மலை தெரியவில்லை, மின்னல்தான் அதை
அவ்வப்போது வரைந்து வரைந்து அழித்தது.
இடி கேட்டது, இங்கே ஒரு சொட்டு இல்லை.
சிமெண்டுத் தரை முதுகைச் சுட்டது.
எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் ஆறாவது வளைவிலேயே மண்வாசனை.
பதினான்கில் ரோட்டோரம் ஓடை.
பூட்டைத் திறக்கையில் கை அவசரப்பட்டது.
சீசாவில் தண்ணீர் கனத்தது.
ஊற்றினேன். குனிந்தேன்.
நிமிர்ந்து, மறுபடி குனிந்தேன்.

14.2.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
25 என்று எழுதினால் எந்தப் பூ பூக்கும்?
14.2 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளச்சியே கூப்பிட்டார். சொன்னேன்.
அந்தப் பக்கம் கோழி கூவியது, யாரோ இருமினார்கள்.
பிறகு,
"உங்க டப்பா ஒரு எடத்துலதானே இருக்குது.
எங்க சரிவுல சேத்தியே ஊத்துச்சு" என்றார்.
இருக்கலாம்.
இருக்கட்டும்.

செங்கோட்டுவேல் கூப்பிடவில்லை.

அளந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.
எங்கே என்று விதியில் இல்லை.
வேலி மூலையில்
குரங்கு துப்பிய கொட்டையில் முளைத்த காப்பிச் செடி ஒன்று
முழங்கால் உயரம் நிற்கிறது.
அதன் வேரில் சாய்த்தேன்,
14.2 மில்லிமீட்டரையும்.