இடமா வலமா

மூன்று வேண்டும், குறைந்தது.
ஒரே கோட்டில் நிற்காத மூன்று.
பதுளை ஆபீசில் வரைந்து காட்டினேன்,
நான்கு கொடுத்தார்கள்.

நிலத்தின் அதிர்வைக் கேட்கும் நான்கு குப்பிகள்.
ஏழாம் நம்பர் மலையில், தேயிலைத் தூர்களுக்கு இடையில்,
முப்பது மீட்டருக்கு ஒன்றாகப் புதைத்தோம்.
அலை வரும்போது முதலில் தொட்டது எதை,
எத்தனை மில்லிசெக்கன் கழித்து அடுத்ததை,
அவ்வளவுதான் கணக்கு.
மழை முதலில் எந்தத் தகரத்தில் விழுந்தது என்று கேட்டே
காற்றடிக்கும் பக்கம் சொல்வது போல.
எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது.
எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டும்,
அதுவும் விரலால் அல்ல,
உள்ளங்கையால்.

முதல் மாதம் தெரிந்தவர்களைப் படித்தோம்.
ஸ்டோரில் ரோலர் சுழல்வது கிழக்கு, நாள் தவறாமல்.
ராத்திரி மெயில் திசை மாறிக்கொண்டே போகும்,
அதனாலேயே அடையாளம் தெரியும்.
காலையில் பெரட்டுக்குப் போகும் கால்கள்.
தெற்கே கல்லுமலை:
மத்தியானம் வெடித்தால் அனுமதியோடு,
நடுச்சாமத்தில் வெடித்தால் இல்லாமல்.

ஆவணியில் முள்ளம்பன்றி ஒரு வயரைத் தின்றது.
ஐப்பசியில் கான் உடைத்துக்கொண்டு
இன்னொரு குப்பிக்குள் தண்ணீர்.
மிச்சம் இரண்டு.
இரண்டு என்றால் எப்போதும் ஒரே கோடுதான்.

அந்தக் கோட்டுக்கு இடமும் வலமும் ஒன்று.
அதில் மடித்தால்
தெற்கே கல்லுமலையும் வடக்கே ஏழாம் லயமும்
ஒன்றின்மேல் ஒன்று விழும்,
மை காயாத தாளை மடித்தது போல.

புதன் இரவு, ஒன்று நாற்பது.
சின்னச் சின்னதாய், தூக்கத்தில் பல் கடிப்பதைப் போல,
விட்டு விட்டு.
கோட்டிலிருந்து அறுபது பாகை.
இடப்பக்கம் அறுபது என்றால் கல்லுமலை.
வலப்பக்கம் அறுபது என்றால்
பன்னிரண்டு காம்பரா,
அதன் முதுகில் ஒரு சரிவு.

பதுளைக்குப் போன் அடித்தேன்.
"கல்லுடைக்கிறானுங்க. நீங்க படுங்க."
அப்படித்தான் இருக்கும்.
பாதிக்குப் பாதி அப்படித்தான் இருக்கும்.

குப்பிகளின் பாட்டரிக்குச் சார்ஜ் போடுவது பிலோமினா வீட்டில்,
நம்பர் இருந்தது.
கைப்பிள்ளைக்குச் சளி, விழித்துத்தான் இருந்தாள்.
"ஒரு தம்ளர்ல தண்ணி எடுத்து தரையில வை.
டோர்ச் அடிச்சுப் பாரு. ஆடுனா, இப்பன்னு சொல்லு."
"என்னா மிஸ், தூக்கம் வரல்லயா?"
வைத்தாள்.

குப்பிக்கும் அவள் தரைக்கும் நடுவே அறுநூறு மீட்டர்.
ஈரமண்ணில் அலைக்கு இரண்டு செக்கன், கொஞ்சம் கூட.
போனின் தாமதம், அவள் நாக்கின் தாமதம்,
எல்லாம் கழித்தாலும் மிஞ்சும்.
கல்லுமலை என்றால்
என் கோடு முந்தும், அவள் குரல் பிந்தும்.

பிள்ளை இருமியது.
தகரத்தில் மழை.
பக்கத்துக் காம்பராவில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"இப்ப."

திரை தட்டையாகக் கிடந்தது.
ஒன்று.
இரண்டு.
கோடு குதித்தது.

ஒருமுறை போதாது என்று படித்திருக்கிறேன்.
இன்னும் ஒன்றுக்குக் காத்திருந்தேன்,
அந்த நான்கு நிமிஷத்துக்கு
யாரிடம் பதில் சொல்வது என்று தெரியாமல்.

"இப்ப, மிஸ்."

இந்தத் தடவை நான் எண்ணவில்லை.
"பிள்ளையத் தூக்கிக்க. எல்லாரையும் எழுப்பு."

கோயில் மண்டபத்தில் அறுபத்துநாலு பேர்
விடியும்வரை என்னைத் திட்டினார்கள்.
மலை இறங்கவில்லை.
வெளிச்சம் வந்தபோது
லயத்துக்குப் பின்னால் தேயிலை நிரை ஒன்று
நெளிந்து கிடந்தது.
வெடிப்புக்குள் கையை விட்டேன்,
முழங்கை வரை போனது.

அறிக்கைப் படிவத்தில் கேட்டிருந்தது:
உணரிகள், வகை, இருப்பிடம்.
முதல் இரண்டும் வழக்கம் போல.
மூன்று: எவர்சில்வர் தம்ளர், முக்கால் பங்கு தண்ணீர்,
ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
இயக்கியவர் பிலோமினா.
பிழையளவு என்ற கட்டத்தில்
பிள்ளையின் இருமல் என்று எழுதி,
அது தண்ணீரை ஆட்டவில்லை என்பது நினைவு வந்து,
அடித்தேன்.